பாவை முடிக்காமல் போவது குறைவாழ்வா?

தறிக்குழி (குகை):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையின் பதினாறாம் நாள் காரியம் சென்ற வியாழக்கிழமை முடிந்தது. சேலத்தில் குகை என்னும் பகுதியில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, கால் வைக்கத் தரையில் குழி உள்ள குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர் அவர். எழுபத்தொரு வயதில், முந்தைய நாள் மாலை வரை தறியில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னவர், வண்டி வருவதற்குள் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்த உறவினர்கள் ஒவ்வொருவரும் தறி இருக்கும் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "பாவை முடிக்காமலே போய்விட்டாரே" என்று சொன்னார்கள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் பூட்டிய இழைகள். அவர்கள் அன்பினால் சொன்ன சொல்தான். இருந்தாலும் அது எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. எல்லாரும் போன பிறகு நானும் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். நான்கு முழம் அளவுக்கு நெய்த துணி தறியின் உருளை மரத்தில் சுருண்டிருந்தது. குறுக்கிழையான ஊடையைக் கொண்டுபோகும் நாடாவைத் துணியின் வலது விளிம்பில் சாய்த்து வைத்திருந்தார். அதற்குள், ஊடை நூல் சுற்றிய சிறு குழலான தாரில் பாதி நூல் மிச்சம் இருந்தது. கீழே மிதிகட்டைகள் இரண்டும் அவருடைய பெருவிரல் படும் இடத்தில் மட்டும் குழிந்து, எண்ணெய் தடவியதைப் போல மினுங்கின. அந்தக் குழிவில் என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்ததோடு என் நெசவு முடிந்தது. இப்போது இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. ஒரு மனிதர் ஐம்பது ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்து, கடைசியில் அதையும் அரைகுறையாக விட்டுப் போகிறார் என்றால், அந்த வாழ்வு நிறைவாழ்வா, குறைவாழ்வா? பாவு முடிந்த அன்று இறந்திருந்தால் மட்டும் நிறைவாகியிருக்குமா? அடுத்த பாவு ஒன்று காத்துக்கொண்டுதானே இருந்திருக்கும்? அப்பா இதையெல்லாம் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆறுதல் வேண்டி இதை எழுதவில்லை. இதைப் பற்றி யோசித்தவர்கள் யோசித்ததைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கேள்விக்குறி (அழகாபுரம்):

ஐயா, உங்கள் தந்தையின் மறைவுக்கு என் இரங்கல். நான் மெய்யியல் படிக்கும் மாணவன். படித்ததில் எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன். கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த கிரேக்க அறிஞர் எபிக்கூரஸ், நன்மையும் தீமையும் உணர்வில்தான் இருக்கின்றன என்றார். சாவு என்பது உணர்வு அற்றுப்போவது. ஆகவே நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை, இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்பது அவருடைய வாதம். பின்னால் அவர் வழியில் வந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீசியஸ் இன்னொன்றைச் சேர்த்தார்: பிறப்பதற்கு முன் கழிந்துபோன எல்லையற்ற காலத்தை நினைத்து எவரும் அழுவதில்லை, இறந்தபின் வரப்போகும் காலமும் அதைப் போன்றதே.

இப்படிப் பார்த்தால், பாவு முடியவில்லை என்ற குறை உங்கள் தந்தையைத் தொடவே இல்லை. அதை உணர அவர் இல்லை. குறை இருப்பது பார்க்கிறவர்களின் கண்ணில்தான்.

தம்பியின் அண்ணன் (சூரமங்கலம்):

மாணவ நண்பர் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார் என்பதை அறிவேன். ஆனாலும் மறுக்க வேண்டியிருக்கிறது.

என் தம்பி பத்தொன்பது வயதில் ஓமலூர் சாலையில் இறந்தான். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பிறப்பதற்கு முன்னுள்ள காலமும் இறந்ததற்குப் பின்னுள்ள காலமும் ஒன்று என்று எனக்கும் அப்போது ஒருவர் சொன்னார். அன்று மாலை அவன் கடையில் தேநீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கிளம்பியிருந்தால் இன்று இருபத்தைந்து வயதில் என் எதிரில் உட்கார்ந்திருப்பான். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் அவனுக்கு உரியவை. அவை அவனிடமிருந்து பறிபோயின. பிறப்பதற்கு முன் அவனிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை, ஏனென்றால் பறிகொடுப்பதற்கு அவன் என்ற ஒருவனே அப்போது இல்லை. எபிக்கூரஸின் வாதம் வலியைப் பற்றியது. நான் பேசுவது இழப்பைப் பற்றி. வலி தெரியாமல் ஒருவனிடமிருந்து எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொண்டது எடுத்துக்கொண்டதுதான்.

வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "நெருநல் உளனொருவன் இன்றில்லை" என்ற குறளைச் சொன்னார்கள். அதை ஆறுதலாகச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. நேற்று இருந்தவன் இன்று இல்லை என்பதை இவ்வுலகின் "பெருமை" என்கிறார் வள்ளுவர். உலகம் எவ்வளவு பெரியது என்பதையும், அதன் முன் நாம் எவ்வளவு தாங்கமாட்டாதவர்கள் என்பதையும் உள்ளபடி சொல்கிற குறள் அது. அதற்குள் நான் எவ்வளவு தேடியும் ஆறுதல் என்று ஒன்று கிடைக்கவில்லை, அந்த நேர்மைக்காகவே அதை இன்றும் விரும்புகிறேன்.

தம்பி மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். அவன் பாதி கட்டி வைத்திருந்த காயிலைக் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை இன்னமும் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அவன் வாழ்ந்ததில் பொருள் இருந்தது என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்வேன். அவன் செத்ததில் பொருள் இருந்தது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

தமிழாசிரியை, பணி ஓய்வு (அம்மாப்பேட்டை):

சூரமங்கலம் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நீண்ட நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அவர் கடைசியில் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, குகைத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

நம் பக்கத்திலேயே சாவை வெல்வதைப் பற்றி இரண்டு கதைகள் இருக்கின்றன. சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை அடிவாரத்தில் சித்தர் கோயில் இருப்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு முதிய சீடர் சோறு பொங்கும்போது பக்கத்திலிருந்த செடியிலிருந்து குச்சியை ஒடித்துக் கிளற, சோறு கறுத்துவிட்டதாகவும், குருவுக்கு அஞ்சி அந்தக் கறுத்த சோற்றைத் தாமே உண்டுவிட, உண்டவுடன் முதுமை நீங்கி இளைஞராகிவிட்டதாகவும் சொல்வார்கள். சிறுமியாக இருந்தபோது அமாவாசைக்கு அங்கே போனால், எந்தச் செடியாக இருக்கும் என்று வழியெல்லாம் குச்சிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

இன்னொன்று தகடூர் அதியமானுடையது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை அதுவும் சேலம் மாவட்டம்தான். வாழ்நாளை நீட்டிக்கும் அரிய நெல்லிக்கனி அவன் கைக்கு வந்தது. அதன் சிறப்பை வெளியே சொல்லாமல் மனத்துக்குள் அடக்கிக்கொண்டு, ஔவையாருக்குக் கொடுத்துவிட்டான். "சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே" என்று அவர் புறநானூற்றில் நெகிழ்ந்து பாடுகிறார். பிறகு தகடூர் சேரனிடம் வீழ்ந்தது. அதியமான் வேல் பாய்ந்து இறந்தான். கொடுத்தவன் போய்விட்டான், வாங்கிக்கொண்டவர் இருந்து அழுதார்.

அந்த அழுகைப் பாட்டில் ஔவையார் எதை நினைக்கிறார் என்று முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியும் நான் சரியாகக் கவனித்ததில்லை; என் கணவர் போன பிறகுதான் கவனித்தேன். அவன் வென்ற ஊர்களின் பட்டியல் அதில் வருவதில்லை. கள் சிறிதளவே இருந்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான் என்கிறார். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்கிறார். அரசன் ஒருவனுடைய முழு வாழ்விலிருந்து மிஞ்சியது ஒரு கை தலையில் பட்ட நினைவு. அவன் நாடு ஆண்டு முடித்தானா, பாதியில் விட்டானா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. தம்பி, உங்கள் தந்தை உங்கள் தலையைத் தடவியதுண்டா என்று நான் கேட்க மாட்டேன். எங்கள் தலைமுறையின் அப்பாக்கள் பெரும்பாலும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் வேறு ஏதோ ஒன்று இருக்கும். அதைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மிளகுக்கொடி (ஏற்காடு):

மலைமேல் இருப்பவன் என்ற முறையில் வேறொரு பக்கத்திலிருந்து இதைப் பார்க்கிறேன். எங்கள் சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் பாறை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் பழையது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோது சில நாட்கள் அதே நினைவாக இருந்தேன். கொல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இந்தவகைக் கல்லை வைத்திருந்தார்கள். அதை ஆராய்ந்த புவியியலாளர் ஹாலந்து 1893இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். ஒரு கல்லறைக் கல்லின் பெயரில்தான் எங்கள் மலை நிற்கிறது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1863இல் சென்னை பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்த மண்ணில் மனிதன் எவ்வளவு பழையவன் என்பதற்கு முதல் சான்று தந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்தபின் அவருடைய சாம்பல் இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நினைப்பேன்: அந்தக் கோடரியைச் செதுக்கியவனுக்கு வீடு இருந்திருக்கும், பசித்திருக்கும், கை வலித்திருக்கும், அவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவன் அடித்த அடிகள் மட்டுமே.

இப்படி எழுதினால் பலர் அடுத்த வரியாக, "இத்தனை கோடி ஆண்டுகளுக்கு முன் நம் எழுபது வயது ஒரு தூசு, ஆகவே எதற்கும் பொருளில்லை" என்பார்கள். நானும் சில காலம் அப்படி எண்ணியிருந்தேன். இப்போது அது பிழையான கணக்கு என்று உறுதியாகத் தோன்றுகிறது. காலத்தின் நீளத்தால் பொருள் வருமென்றால், 250 கோடி ஆண்டுகள் இருந்த பாறைக்கு நம்மைவிடப் பொருள் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு பொருளும் இல்லை. அதற்கு எதுவும் வேண்டியதாக இல்லை. நாளை மழை வருமா என்று ஏங்குவதற்கு அதனிடம் ஒருவரும் இல்லை. எனக்கு இருக்கிறது. பங்குனி, சித்திரையில் பூமழை ஒன்று பெய்யாவிட்டால் அந்த ஆண்டுக் காப்பிப் பூ பூக்காது. மாசி பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எழுபது ஆண்டு என்பது சிறியதுதான், ஆனால் ஒருவர் எதையாவது வேண்டி நிற்பதற்கு அவ்வளவு போதும். ஆயிரம் ஆண்டுகள் கொடுத்தாலும் நான் வேண்டுவது இந்த ஆண்டின் பூமழையைத்தான்.

என் தந்தை தம்முடைய எழுபதாவது வயதுக்கு மேல் சில்வர் ஓக் கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் மிளகுக்கொடி வைத்தார். மரம் வெட்டும் பருவத்துக்கு வருவதைப் பார்க்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. குழி ஆழமாக இருக்கிறதா என்று மட்டும் கையை உள்ளே விட்டுப் பார்ப்பார்.

இரவுப்பணி (சேலம்):

நான் செவிலி. பதினேழு ஆண்டுகளாக இரவில் பணி. பாட்டும் பாறையும் பற்றி எழுதியவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் சாவு இப்போது எங்கே, எப்படி நடக்கிறது என்பதையும் இந்த விவாதத்தில் ஒருவர் சொல்ல வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஓர் இந்தியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 32 ஆண்டுகள் அளவில் இருந்தது. இன்று 70ஐ ஒட்டி வந்திருக்கிறது. அன்றைய எண் அவ்வளவு குறைவாக இருந்ததற்குப் பெருங்காரணம் குழந்தைகள் இறந்ததுதான். இது எவ்வளவு பெரிய பேறு என்பதைப் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் அறிவேன். ஆனால் வாழ்நாள் நீண்டபோது சாகும் நாட்களும் சேர்ந்து நீண்டுவிட்டன. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த பின்னும் பெரியவர்களுக்குக் குழாய் மேல் குழாயாகப் போட்டுக்கொண்டிருந்தோம். நோயாளியிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதில் நானும் ஒருத்தி. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, மீள வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றது. 2023 சனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள். பேசினால் சாவு வந்துவிடும் என்று அஞ்சிக்கொண்டே இருந்து, கடைசியில் முன்பின் தெரியாத ஒருவர் முடிவெடுக்கும்படி ஆகிவிடுகிறது.

குகைத் தம்பியின் கேள்விக்கு எனக்குத் தெரிந்தது இதுதான். வாழப்பாடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, இரவில் விழித்துக்கொள்ளும்போதெல்லாம், "புளி தட்டியாயிற்றா?" என்று கேட்பார். வீட்டில் புளியை உலர்த்திப் போட்டுவிட்டு வந்திருந்தாராம். அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று மகள், "எல்லாம் முடிந்துவிட்டது, கவலைப்படாதீர்கள் அம்மா" என்றார். பாட்டியின் முகம் சுருங்கிப்போனது. அடுத்த நாள் இரவு மகள் வெளியே போயிருந்தபோது கேட்டார். நான் என்னவோ, "இன்னும் இல்லை பாட்டி, எப்படித் தட்டுவது?" என்றேன். அரை மணி நேரம் சொன்னார். எத்தனை வெயில் காய வேண்டும், ஓட்டை எப்படி உடைப்பது, நார் எப்படி உரிப்பது, கொட்டை நீக்கியபின் உப்புச் சேர்த்து எந்தப் பானையில் அடைப்பது. மூச்சு வாங்கியது, நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை. சொல்லி முடித்து உறங்கினார். மூன்றாம் நாள் இறந்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் சொல்வது, இனி நீ தேவையில்லை என்று அவர்கள் காதில் விழுகிறதோ என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். என் அனுபவத்தில், கடைசி நாட்களில் யாரும் முடித்த வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மிச்சத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அப்போதுதான் அவர்கள் கண்ணில் உயிர் இருக்கிறது.

அச்சும் விழுதும் (பொன்னம்மாபேட்டை):

நான் இன்னும் தறி நெய்கிறவன். வேறொருவரும் சொல்லாததால் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

பாவை ஒருவரும் கடைசி நுனி வரை நெய்வதில்லை, நெய்யவும் முடியாது. அச்சுக்கும் (ஊடையை நெருக்கும் சீப்பு) விழுதுக்கும் (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) பின்னால் கொஞ்சம் நீளம் நெய்யாமலே நிற்கும். அதை அறுத்து எறிய மாட்டோம். புதுப்பாவு வரும்போது அந்தப் பழைய நுனிகளோடு ஒவ்வோர் இழையாகப் பிணைத்தால்தான் அவ்வளவு இழைகளையும் மறுபடி விழுதிலும் அச்சிலும் கோக்காமல் தறி ஓடும். சில ஆயிரம் இழைகள்; விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்க வேண்டும். ஆகவே "பாவை முடித்துவிட்டான்" என்ற பேச்சே தறிக்காரர்கள் தறியில் இல்லாதபோது பேசுகிற பேச்சு.

தம்பி, தறியை விற்பதாக இருந்தாலும் பாவை அறுத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது ஒருவரைக் கொஞ்சமாவது நெய்யச் சொல்லுங்கள்.

கேள்விக்குறி (அழகாபுரம்):

சூரமங்கலம் அண்ணா, உங்கள் மறுப்பை இரண்டு நாட்களாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் எழுதியது அச்சத்துக்கு விடையாகலாம், இழப்புக்கு விடை ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை எழுதும்போது உங்களைப் போன்ற ஒருவர் படிப்பார் என்று நினைத்துப் பார்க்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

தறிக்குழி (குகை):

எல்லாருக்கும் நன்றி. உடனே மறுமொழி எழுதாததற்குக் காரணம், பொன்னம்மாபேட்டை ஐயா சொன்னதைச் செய்துகொண்டிருந்தோம்.

என் சித்தப்பாவும் நெசவாளிதான். பல ஆண்டுகளாக விசைத்தறிப் பட்டறைக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொன்னேன். அவர் குளித்துவிட்டு வந்து, தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அப்பாவின் மிதியில் அவர் காலும் பொருந்தவில்லை. அவர் சற்றுக் குட்டை. மணைக்கு மேல் ஒரு கோணியை மடித்துப் போட்டுக்கொண்டார். பாதித் தாரில் இருந்த அதே நூலிலேயே தொடங்கினார். ஊடையை அடிக்கும் பலகையின் சத்தம் தெருவரை கேட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டு ஆத்தா வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே அழுதார்.

இரண்டு விரற்கடை ஆனபின் சித்தப்பா நிறுத்திவிட்டு விளக்கை அருகில் இழுக்கச் சொன்னார். குனிந்து பார்த்தபோது துணியின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. அப்பா அடித்தவரை ஊடை நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது. அதற்குப் பிறகு சற்றுத் தளர்வு. அப்பாவின் கை அவ்வளவு அழுத்தமானது என்று எனக்கு அதுவரை தெரியாது. "முதலாளி இதை எடுக்க மாட்டார், பிரித்துவிட்டு மறுபடி நெய்யட்டுமா?" என்று சித்தப்பா கேட்டார். வேண்டாம், இந்த வேட்டியை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து இப்படியும் அப்படியும் ஒருமுறை தடவினார்.

ஆசிரியை அம்மா தேடச்சொன்னது இதுதானா என்று தெரியவில்லை. சூரமங்கலம் நண்பருக்கு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. உங்கள் தம்பி கட்டிய காயிலை ஒருநாள் பார்க்க அனுமதிப்பீர்களானால் வருகிறேன்.

இந்தப் பாவில் இன்னும் மூன்று வேட்டிக்கு இழை இருக்கிறது. சித்தப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் ஓய்வு. தார் சுற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நேற்று ராட்டையில் உட்கார்ந்து ஐந்து தார் சுற்றினேன். இரண்டு வழுக்கிவிட்டன, மூன்று தேறின.